விண்கப்பல் சண்டை: ஆற்றல் கணக்கை எவ்வளவு தூரம் இழுக்கலாம்?

அறிவியல் புனைவு ரோல்பிளே கேம் நடத்த ஆசைப்படுகிறவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்ளும் இடம் கப்பல் சண்டை. ஆளும் ஆளும் துப்பாக்கியோடு மோதும்வரை எந்த விதிப்புத்தகமும் ஓடிவிடும். விண்கப்பலில் ஏறியதும் மேசையின் மூலையிலிருந்து ஒரு கேள்வி வரும்: "இந்த எஞ்சின் ஆயிரம் டன்னை இவ்வளவு வேகத்துல தள்ளுதுன்னா, அதே பவரை லேசருக்குக் கொடுத்தா எதிரி கப்பல் எப்படி இன்னும் மிதக்குது?" கேட்பவர் இயற்பியல் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. கையில் கால்குலேட்டர் இருந்தால் போதும்.

அதனால்தான் எந்த விதிமுறையை எடுப்பது என்று தயங்குகிறவர்கள் பெரும்பாலும் லேசர் எத்தனை மெகாவாட், கவசம் எத்தனை சென்டிமீட்டர் என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள். தேட வேண்டிய இடம் அதுவல்ல என்பது என் கட்சி. சந்தையில் உள்ள விதிமுறைகளை நான்கு வகையாகப் பிரிக்கலாம். ஆற்றலைப் பற்றிப் பேசவே பேசாதவை, கப்பலைக் கட்டும்போது மட்டும் பேசுபவை, ஒவ்வொரு சுற்றிலும் பங்கு போடச் சொல்பவை, ஜூல் வரைக்கும் இறங்குபவை. நான்கையும் ஒரே அளவுகோலில் நிறுத்திப் பார்ப்போம்.

## எதை வைத்து அளப்பது

யதார்த்தம் வேறு, கணக்கு ஒத்துப்போவது வேறு. ஒளியைவிட வேகமாகப் போகும் கப்பல் யதார்த்தமே இல்லை. ஆனாலும் அதைச் சுற்றி முரண் இல்லாத விதிகளை எழுதலாம். நான் கேட்பது இரண்டாவதை மட்டும்தான்: புத்தகத்தின் 40ஆம் பக்கத்தில் ஒரு ஜூல் செய்யும் வேலையை 90ஆம் பக்கத்திலும் அதே ஜூல் செய்கிறதா?

முதல் கேள்வி, எஞ்சினுக்கும் ஆயுதத்துக்கும் இடையே கணக்கு ஒத்துப்போகிறதா என்பது. கப்பலில் மிகப் பெரிய ஆற்றல் புரளும் இடம் எஞ்சின். அதோடு ஒத்துப்போகாத ஆயுதப் பட்டியலை ஆட்டக்காரர்கள் சீக்கிரமே ஒதுக்கிவிட்டு, எஞ்சினையே ஆயுதமாக்கப் பார்ப்பார்கள்.

இரண்டாவது, ஆயுதத்துக்கும் ஆயுதத்துக்கும் இடையே. லேசர், ஏவுகணை, துகள் கற்றை எல்லாம் வேறு வேறு வழியில் ஆற்றலைக் கொண்டுபோய்ச் சேர்க்கின்றன. சேதத்தைத் தீர்மானிக்க உருட்டும் பகடைகளின் எண்ணிக்கை அதற்கு ஏறக்குறையவாவது பொருந்த வேண்டும்.

மூன்றாவது, வெப்பம் எங்கே போகிறது. வெற்றிடத்தில் காற்றும் இல்லை, தண்ணீரும் இல்லை. செலவழித்த ஆற்றலில் வீணானது முழுவதும் கப்பலுக்குள்ளேயே தேங்கி, கதிர்வீச்சாக மட்டுமே வெளியேற முடியும்.

நான்காவது மேசை நேரம், அதாவது ஆடும்போது இந்தக் கணக்குக்கு ஆகும் நேரம். ஐந்தாவது, என்னைப் பொறுத்தவரை முதல் கேள்விக்கு அடுத்த முக்கியத்துவம் உள்ளது: அந்த எண் ஆட்டக்காரரிடம் ஒரு தீர்மானத்தைக் கேட்கிறதா, இல்லை வெறும் கணக்குப்பிள்ளை வேலை வாங்குகிறதா?

## ஒரு கப்பலைப் பிரித்துப் போட்டுப் பார்ப்போம்

பொதுவாகப் பேசுவதைவிட ஒரு கப்பலை எடுத்து எண்களை ஓட்டிவிடலாம். 1977இல் வெளிவந்து இன்றும் ஆடப்படும் விண்வெளி ரோல்பிளே கேமான டிராவலரின், மங்கூஸ் நிறுவனம் வெளியிட்ட இரண்டாம் பதிப்பில் (2016) உள்ள 100 டன் ஸ்கவுட் கப்பல். இங்கே டன் என்பது எடை அல்ல, கொள்ளளவு. ஒரு டன் 14 கன மீட்டர். உண்மையான நிறை 1,000 மெட்ரிக் டன் என்று வைத்துக்கொள்வோம். உலை தருவது 60 பவர் புள்ளி. கப்பலின் அடிப்படைத் தேவைக்கு 20, 2 ஜி முடுக்கத்துக்கு (ஒரு ஜி என்பது பூமியின் ஈர்ப்பு முடுக்கம்) 20, விண்மீன் விட்டு விண்மீன் தாவும் ஜம்ப்புக்கு 20. ஒரு பீம் லேசருக்கு 4. ஏவுகணை அடுக்குக்குப் பூஜ்யம்.

ஒரு சண்டைச் சுற்று 6 நிமிடம். நின்ற நிலையிலிருந்து 2 ஜியில் 6 நிமிடம் ஓடினால் வேகம் நொடிக்கு 7.2 கிலோமீட்டர். 1,000 டன்னுக்கு அந்த வேகத்தில் இயக்க ஆற்றல் சுமார் 26 டெராஜூல், அதாவது 6 கிலோடன் டிஎன்டி வெடிமருந்துக்குச் சமம். 360 நொடியால் வகுத்தால் 72 கிகாவாட். அதற்கு 20 புள்ளி என்றால் ஒரு புள்ளி 3.6 கிகாவாட்.

சரி, லேசருக்கு வருவோம். 4 புள்ளி என்பது 14.4 கிகாவாட். ஒரு சுற்று முழுக்கச் சுட்டால் 5 டெராஜூலுக்கு மேல். ஒரு கிலோ இரும்பை அறை வெப்பநிலையிலிருந்து ஆவியாக்க சுமார் 8 மெகாஜூல் போதும். ஆக இந்த லேசர் ஒரே சுற்றில் 600 டன்னுக்கு மேல் இரும்பை ஆவியாக்க வேண்டும். எதிரே நிற்பதும் இன்னொரு ஸ்கவுட் என்றால், கப்பலில் பாதிக்கு மேல் காணாமல் போயிருக்கும். விதியில் நடப்பது என்ன? பீம் லேசருக்கு 1 பகடை சேதம், சராசரி மூன்றரை. ஸ்கவுட்டின் கவசம் அதில் 4ஐக் கழித்துவிடும். பல சுற்றுகளில் கீறல்கூட விழாது.

இப்போது ஏவுகணை. 10 ஜி முடுக்கம், ஒரு சுற்று பறந்தால் நொடிக்கு 36 கிலோமீட்டர். 50 கிலோ எடை என்று கொண்டால் ஆற்றல் 32 கிகாஜூல், ஏறக்குறைய 8 டன் டிஎன்டி. லேசரில் 160இல் ஒரு பங்கு. விதியில் இதற்கு 4 பகடை! இரண்டு சுற்று பறந்தால் ஆற்றல் நான்கு மடங்கு, ஐந்து சுற்று என்றால் இருபத்தைந்து மடங்கு. விதியில் அதே 4 பகடைதான்.

இதைப் பார்த்ததும் ஆயுத அட்டவணையே தப்பு என்று தோன்றும். கொஞ்சம் பொறுங்கள். 1980களில் இதே டிராவலர் குடும்பத்தில் ஆற்றல் புள்ளிக்கு வாட் கணக்கு உண்டு: ஒரு புள்ளி 250 மெகாவாட், பீம் லேசருக்கு ஒரு புள்ளி. அந்த எண்ணை எடுத்துக்கொண்டு, மூன்றில் ஒரு பங்கு ஒளியாக வெளியே போகிறது என்றால், 6 நிமிடத்தில் 30 கிகாஜூல். ஏவுகணையின் 32க்கு அருகிலேயே வந்து நிற்கிறது. லேசர் அதை ஆறு நிமிடம் உடல் முழுக்கத் தடவுகிறது. ஏவுகணை ஒரே புள்ளியில் ஒரே கணத்தில் இறக்குகிறது. 1 பகடைக்கும் 4 பகடைக்கும் உள்ள வித்தியாசம் நியாயமாகிவிடுகிறது.

ஆயுதங்கள் ஒன்றோடொன்று ஓரளவு ஒத்துத்தான் போகின்றன. கணக்கைக் கெடுப்பது எஞ்சின். அதுவும் எரிபொருளைப் பின்னால் துப்பாமல் தானாகவே தள்ளும் எஞ்சின். அடுத்த 6 நிமிடத்துக்கும் அதே 20 புள்ளிதான் செலவு. ஆனால் வேகம் இரட்டிப்பாகி மொத்த இயக்க ஆற்றல் நான்கு மடங்காகும். அதாவது இரண்டாவது சுற்றில் அதே செலவுக்கு மூன்று மடங்கு ஆற்றல் சேர்கிறது. இப்படிப்பட்ட எஞ்சினுக்கு ஒரு புள்ளி எத்தனை வாட் என்று கேட்டால் பதிலே கிடையாது. யார் நின்ற இடத்திலிருந்து அளக்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும்.

இதன் நடைமுறை விளைவு பயங்கரமானது. டிராவலரில் கோளின் விட்டத்தைப் போல 100 மடங்கு தூரத்தில்தான் ஜம்ப் முடித்து வெளியே வருவது பாதுகாப்பு. பூமி அளவுள்ள கோளுக்கு அது சுமார் 12.8 லட்சம் கிலோமீட்டர். 1 ஜி சரக்குக் கப்பல் பாதி வழியில் திரும்பி பிரேக் போடாமல் நேராக ஓடினால், நாலரை மணி நேரத்தில் நொடிக்கு 160 கிலோமீட்டர் வேகத்தில் வந்து சேரும். 1,000 டன் நிறைக்கு அது 3 மெகாடன். ஹிரோஷிமாவில் வெடித்தது சுமார் 15 கிலோடன் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடன் தவணை கட்ட முடியாமல் திணறும் வியாபாரி ஒவ்வொருவர் கையிலும் ஒரு நகரத்தை அழிக்கும் கருவி இருக்கிறது.

இந்த ஓட்டையை ஒவ்வொரு வகையும் எப்படிச் சமாளிக்கிறது என்று இனி பார்ப்போம்.

## வழி 1: ஆற்றலைப் பேசாத விதிகள்

ஸ்கம் அண்ட் வில்லனி (2018) போன்றவை இந்த வகை. கப்பலுக்குப் பாகங்கள் உண்டு, பழுது உண்டு. பவர் கணக்கு கிடையாது. நீங்கள் எவ்வளவு ஆபத்தான நிலையில் நிற்கிறீர்கள், வெற்றி பெற்றால் எவ்வளவு பலிக்கும் என்பதை மேசையில் பேசி முடிவு செய்து பகடை உருட்டுகிறீர்கள்.

எண் இல்லாததால் எண்ணில் முரணும் இல்லை. ஆனால் முரண் மறைந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். புத்தகத்திலிருந்து ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரின் தலைக்கு இடம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். மூன்றாவது அமர்வில் ஒருவர் எஞ்சின் தீப்பிழம்பால் எதிரியைச் சுட்டார், நீங்கள் பலித்ததாகச் சொன்னீர்கள். ஏழாவது அமர்வில் இன்னொருவர் அதையே கேட்கும்போது மறுக்க முடியாது. தீர்ப்புகளை ஒரு நோட்டில் எழுதி வைப்பதுதான் இந்த வழியின் மறைமுகச் செலவு.

இதில் ஒரு சுவையான விதிவிலக்கு டயஸ்போரா (2009). ஃபேட் என்னும் பொது விதித்தொகுப்பின் மேல் கட்டிய, கதை சார்ந்த ஆட்டம்தான். ஆனால் கப்பலுக்கு உடல், தரவு ஆகியவற்றோடு வெப்பத்துக்கும் தனியாக ஒரு அழுத்தப் பட்டை (பாதிப்பைக் குறித்துக்கொண்டே வரும் கட்டங்கள்) வைத்திருக்கிறது. ஒரு ஜூல்கூட எழுதாமல் மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறது. எண்களைக் குறைத்தால் இயற்பியலும் குறையும் என்று யார் சொன்னது?

கதாபாத்திரங்களின் உறவு, கடன், துரோகம் இவற்றுக்காக ஆடும் குழுவுக்கு இதுதான் சரி. சண்டை மாதம் ஒருமுறை வந்தால் வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

## வழி 2: கட்டும்போது மட்டும் பட்ஜெட்

மேலே பார்த்த டிராவலர், ஸ்டார்ஃபைண்டர் (2017), ஸ்டார்ஸ் விதவுட் நம்பர் மூன்றும் இங்கே வரும். உலை இவ்வளவு தரும், அதற்குள் பாகங்களை அடுக்கு. ஸ்டார்ஃபைண்டரில் லேசான லேசர் பீரங்கிக்கு 5 பவர் அலகு, மின்காந்தச் சுருளால் குண்டை எறியும் காயில்கன்னுக்கு 10. கூட்டிப் பார்த்து முடித்துவிட்டால் சண்டையின்போது பெரும்பாலும் அந்த எண்ணை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

மாதச் சம்பளத்தில் வாடகை, மளிகை, பள்ளிக் கட்டணம் என்று முதல் தேதியே பிரித்து வைப்பதைப் போன்றது இது. நிம்மதி உண்டு. மாத நடுவில் தீர்மானிக்க ஒன்றும் மிஞ்சாது.

மேசை நேரம் என்று பார்த்தால் இந்த வகைக்கு நல்ல மதிப்பெண். கப்பல் கட்டுவதே ஒரு தனி விளையாட்டு. அமர்வுகளுக்கு நடுவே வீட்டில் உட்கார்ந்து தாளும் பென்சிலுமாக அதைச் செய்கிறவர்கள் ஏராளம். ஆனால் பவர் புள்ளி என்பது இயற்பியல் அலகு அல்ல, ஆட்டத்தைச் சமன்படுத்தும் அலகு. விலை, எடை, பவர் மூன்றையும் வைத்து எந்த ஆயுதமும் மற்றதை விழுங்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. எஞ்சினுக்கு 20, லேசருக்கு 4 என்பதை ஐந்துக்கு ஒன்று என்று படிக்கும் நொடியில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மறைமுகச் செலவு இன்னொன்றும் உண்டு. பூஜ்யம் பவர் கேட்கும் ஆயுதம் பட்டியலில் இருந்தால், சின்ன உலை வைத்த எல்லாக் கப்பலும் கடைசியில் ஏவுகணைக் கப்பலாகிவிடும். டிராவலர் இதை ஏவுகணையின் விலை, இருப்பு, பறக்க ஆகும் சுற்றுகள் ஆகியவற்றால் சமாளிக்கிறது. ஏவுகணைக்குக் காசு எண்ணாத கேம் மாஸ்டர் அந்தத் தடையைத் தானே பிடுங்கிப் போட்டுவிடுகிறார்.

வெப்பம்? இந்த வகையில் பெரும்பாலும் பேச்சே இல்லை.

## வழி 3: ஒவ்வொரு சுற்றிலும் பங்கீடு

இதன் மூத்த உதாரணம் ரோல்பிளே கேம் அல்ல, போர்ப் பலகை ஆட்டம்: ஸ்டார் ஃப்ளீட் பேட்டில்ஸ் (1979). ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் ஆற்றல் பங்கீட்டுப் படிவம் ஒன்றை நிரப்ப வேண்டும். கனரக க்ரூசர் ஒரு கட்டம் நகர ஒரு புள்ளி. ஃபேசர் என்னும் கற்றை ஆயுதத்தில் பெரியதற்கு ஒரு புள்ளி. ஃபோட்டான் டார்பிடோவுக்கு இரண்டு சுற்றில் இரண்டிரண்டாக நான்கு. கேடயத்தைப் பலப்படுத்தினால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும்.

கணக்கு ஒத்துப்போகும் விஷயத்தில் இந்த ஆட்டம் வியக்க வைக்கிறது. காரணத்தைப் பார்த்தால்தான் சூட்சுமம் தெரியும். இங்கே நிலைமமே கிடையாது! இந்தச் சுற்றில் எத்தனை புள்ளி கொடுத்தாயோ அதுதான் இந்தச் சுற்றின் வேகம்; கொடுக்காவிட்டால் நின்றுவிடுவாய். வேகம் சேர்வதில்லை, அதனால் இயக்க ஆற்றல் குவிவதில்லை, அதனால் மோதிக் கொல்லும் ஓட்டையும் இல்லை. இயற்பியலைத் தூக்கி எறிந்து கணக்கை நேராக்கியிருக்கிறார்கள். அது ஒரு நேர்மையான வழி என்றே நினைக்கிறேன்.

டிராவலரின் கப்பல் விதிநூலான ஹை கார்ட் (1980 பதிப்பு) நடுவழியில் நிற்கிறது. ஆயுதங்களுக்குக் கொடுத்தது போக மிஞ்சிய ஆற்றல் புள்ளிகள் கப்பலின் சுறுசுறுப்பாகும். சுட்டால் தப்பிக்க முடியாது, தப்பித்தால் சுட முடியாது. அருமையான தீர்மானம் அது. ஆனால் அங்கே நிலைமம் உண்டு என்பதால் மேலே சொன்ன எஞ்சின் சிக்கல் அப்படியே இருக்கிறது.

ரோல்பிளே மேசைக்கு ஏற்றபடி இதைச் சுருக்கிய ஆட்டம் கோரியோலிஸ் (2016). கேப்டன், எஞ்சினியர், பைலட், சென்சர், பீரங்கியாளர் என்று ஆளுக்கொரு வேலை. எஞ்சினியர் ஆற்றல் புள்ளிகளை மற்றவர்களுக்குப் பிரித்துக் கொடுக்கிறார். படிவம் இல்லை, நாலைந்து வில்லைகளை மேசையில் தள்ளினால் முடிந்தது. "எனக்கு இன்னும் ரெண்டு வேணும்" என்று பீரங்கியாளர் கெஞ்சுவதும் பைலட் முறைப்பதும் தானாக நடக்கும். ஆற்றல் எண் மனிதர்களுக்கு இடையே ஒரு சச்சரவாக மாறுவது இந்த வகையின் தனி ருசி.

செலவு என்ன? முதலாவது நேரம். ஒரு கப்பலுக்குச் சரி. கேம் மாஸ்டர் மூன்று எதிரிக் கப்பல்களுக்கும் பங்கு போட ஆரம்பித்தால் ஆட்டக்காரர்கள் கைப்பேசியை எடுத்துவிடுவார்கள். இரண்டாவது, கூட்டத்தில் ஒருவர் நன்றாகக் கணக்குப் போடுவார் என்றால் மற்ற நால்வரும் அவர் சொன்னதைச் செய்யும் ஆட்களாகிவிடும் அபாயம்.

## வழி 4: ஜூல் வரைக்கும்

டிராவலரின் நியூ எரா பதிப்புக் காலத்து ஃபயர், ஃப்யூஷன் அண்ட் ஸ்டீல் (1994), குர்ப்ஸ் ஸ்பேஸ்ஷிப்ஸ் (2007), முப்பரிமாண வெக்டர் நகர்வோடு வெப்பத்தையும் எண்ணும் அட்டாக் வெக்டர் டாக்டிகல் (2004) ஆகியவை இங்கே.

நியூ எரா செய்த தைரியமான காரியம், தானாகத் தள்ளும் எஞ்சினை எடுத்துவிட்டு, எரிபொருளைப் பின்னால் வீசும் எஞ்சினை வைத்தது. ராக்கெட்டில் ஆற்றல் கணக்கு மூடும். 1,000 டன்னை 2 ஜியில் தள்ள 2 கோடி நியூட்டன் விசை வேண்டும். பிழம்பு நொடிக்கு 100 கிலோமீட்டரில் போனால் திறன் 1 டெராவாட். அந்த எண் விதியிலேயே தெரிவதால், பிழம்பால் சுடுவதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாமல் நேராகப் பதில் சொல்லலாம். எரிபொருள் தீர்ந்துபோவதால் பிரேக் போடாமல் ஓடும் கப்பலின் வேகத்துக்கும் ஒரு வரம்பு வந்துவிடுகிறது. பழைய வாசகர்கள் பலருக்கு இந்த மாற்றம் பிடிக்கவில்லை என்பதும் புரிகிறது. எரிபொருள் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எல்லோருக்கும் சாகசம் அல்ல.

குர்ப்ஸ் வேறு வழி. கப்பலை 20 சம பாகமாகப் பிரி, ஒவ்வொன்றிலும் ஒரு சாதனம் வை. பிளவு உலைக்கு ஒரு பவர் புள்ளி, பிணைவு உலைக்கு இரண்டு. கற்றை ஆயுதங்களுக்கு மெகாஜூல், கிகாஜூலில் நேரடி எண். எறிபொருள்களின் சேதம் மோதும் வேகத்தோடு ஏறும். இரண்டாவது கேள்வியில் இதற்கு இணை கிடையாது. சண்டைச் சுற்றின் நீளத்தை 20 நொடியிலிருந்து 10 நிமிடம் வரை நாமே தேர்ந்தெடுக்கலாம் என்பது கூடுதல் வசதி. தானாகத் தள்ளும் எஞ்சினையும் ஒரு தேர்வாகத் தருகிறது. அதைத் தேர்ந்தெடுத்தால் பழைய பேய் திரும்ப வந்துவிடும், ஜாக்கிரதை.

அப்புறம் வெப்பம். மேலே பார்த்த லேசரையே எடுத்துக்கொள்ளுங்கள்: 250 மெகாவாட் உள்ளே போகிறது, மூன்றில் ஒரு பங்கு ஒளியாக வெளியேறுகிறது, மிச்சம் 167 மெகாவாட் வெப்பம். 1,000 கெல்வினில் ஒளிரும் ஒரு பரப்பு சதுர மீட்டருக்கு சுமார் 57 கிலோவாட்டை வெளியேற்றும். இரண்டு பக்கமும் ஒளிரும் ரேடியேட்டர் என்றாலும் சுமார் 1,500 சதுர மீட்டர் வேண்டும். ஒற்றை லேசருக்கு! சர்வதேச விண்வெளி நிலையத்தின் முதன்மைக் குளிரூட்டும் அமைப்பு வெளியேற்றக்கூடியது சுமார் 70 கிலோவாட்தான். இதைக் கணக்கில் எடுத்தால் கப்பலின் உருவமே மாறும். கவசம் போர்த்திய குண்டுக்கு இரண்டு பக்கமும் விரிந்த, எளிதில் கிழியும் இறக்கைகள் முளைக்கும். சண்டையில் அவற்றை மடக்கினால் வெப்பம் ஏறும், விரித்தால் எதிரி கிழிப்பான். அட்டாக் வெக்டரில் சுடுவது, ஓடுவது எல்லாமே வெப்பத்தை ஏற்றுவதால் சண்டையின் தாளமே அதை வைத்துத்தான் அமைகிறது.

இந்த வழியின் மறைமுகச் செலவு: இயற்பியலை வாசலுக்குள் விட்டால் அது கூடத்தோடு நிற்காது. ஜூல் வந்தால் அடுத்து ஒளியின் விளிம்பு விளைவு, அதாவது தூரம் போகப் போகக் கற்றை விரிவது, வரும். 2 மீட்டர் கண்ணாடியும் 1 மைக்ரான் அலைநீளமும் உள்ள லேசர் 10,000 கிலோமீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 12 மீட்டர் அகலத்துக்குப் பரவிவிடும். துளை போடாது, சூடு மட்டும் ஏற்றும். நியூ எராவில் இதைச் சமாளிக்க ஈர்ப்பு விசையால் கற்றையைக் குவிக்கும் கருவி ஒன்றைக் கற்பனையாகச் சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு ஓட்டையை அடைக்க இன்னொரு கற்பனை. கப்பல் கட்ட ஒரு மாலை முழுக்கப் போகும். அமர்வில் எதிர்பாராமல் ஒரு புதுக் கப்பல் தேவைப்பட்டால் கையில் எதுவும் இருக்காது.

நான்கையும் பக்கத்தில் வைத்தால் இப்படி:

| | பேசாதவை | பட்ஜெட் | பங்கீடு | ஜூல் |
|---|---|---|---|---|
| எஞ்சினும் ஆயுதமும் | கேம் மாஸ்டர் தீர்ப்பு | ஒத்துப்போகாது | நிலைமம் இல்லாவிட்டால் ஒத்துப்போகும் | ராக்கெட் எஞ்சின் என்றால் ஒத்துப்போகும் |
| ஆயுதங்களுக்குள் | பொருந்தாத கேள்வி | ஓரளவு | ஓரளவு | நன்று |
| வெப்பம் | டயஸ்போரா தவிர இல்லை | அபூர்வம் | அபூர்வம் | பல ஆட்டங்களில் உண்டு |
| மேசை நேரம் | மிகக் குறைவு | குறைவு | அதிகம் | சண்டையில் நடுத்தரம், தயாரிப்பில் மிக அதிகம் |
| தீர்மானம் | கதை வழியாக | கட்டும்போது மட்டும் | ஒவ்வொரு சுற்றிலும் | கட்டும்போதும் சண்டையிலும் |

## யாருக்கு எது

இரண்டு பேர், ஒரு மாலை முழுக்க ஒரே கப்பல் சண்டை என்றால் தயங்காமல் நான்காவது. அது ரோல்பிளேயைவிடப் பலகை ஆட்டத்துக்கு நெருக்கம் என்பதை ஏற்றுக்கொண்டு உட்காருங்கள். நான்கைந்து பேர், எல்லோருக்கும் கப்பலில் வேலை வேண்டும், சண்டை அடிக்கடி வரும் என்றால் கோரியோலிஸ் மாதிரியான பங்கீடு. எதிரிக் கப்பல்களுக்கு மட்டும் பங்கீட்டை விட்டுவிட்டு நிலையான எண்களை வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் கவலைப்பட மாட்டார்கள்.

மற்ற எல்லோருக்கும், அதாவது வியாபாரம், பயணம், புதுக் கோள், நடுநடுவே சண்டை என்று ஓடும் வழக்கமான ஆட்டத்துக்கு, என் தேர்வு இரண்டாவது வகை. கூடவே மூன்று வீட்டு விதி.

முதல் விதி எஞ்சினுக்கு. இரண்டில் ஒன்றை முதல் அமர்வுக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். ஒன்று, எஞ்சின் தரும் வேகம் கடன் வேகம். எஞ்சின் புலம் அணைந்தால் கப்பல் கிளம்பியபோது இருந்த வேகத்துக்கே திரும்பிவிடும். மோதினால் புலம் உடையும், கூடவே வேகமும் போகும். கடனான வேகத்துக்கு ஜூல் விலை கேட்க முடியாது என்பதால் எஞ்சின் புள்ளியும் லேசர் புள்ளியும் ஒரே நாணயம் என்ற வாதமும் இதோடு விழுந்துவிடும். இதே விதியை ஏவுகணைக்கும் போட்டால் அதன் சேதம் மோதலால் வராது, வெடிமுனையால்தான் வரும். எத்தனை சுற்று பறந்தாலும் 4 பகடை என்பதற்கும் காரணம் கிடைத்துவிடும். இல்லையென்றால் இரண்டாவது: வேகம் நிஜம், 3 மெகாடனும் நிஜம். அப்படியானால் எந்தத் துறைமுகமும் கப்பலைச் சும்மா நெருங்க விடாது. பாதி வழியில் திருப்பிய சமிக்ஞை வராவிட்டால் சுட்டு வீழ்த்துவார்கள், பைலட் உரிமம் வாங்குவது விமானி உரிமத்தைவிடக் கடினமாக இருக்கும், கடத்தல்காரனுக்கு மன்னிப்பு கிடைத்தாலும் பிரேக் தாமதமாகப் போட்டவனுக்குக் கிடைக்காது. எனக்கு இந்த இரண்டாவது உலகம்தான் பிடிக்கும். ஒரு பழுதான எஞ்சினையே ஒரு முழு அமர்வாக்கிவிடலாம்.

இரண்டாவது விதி, வேகத்தை நிஜம் என்று வைத்தவர்களுக்கு மட்டும். மோதும் பொருள் எதுவானாலும், ஏவுகணையோ பாறையோ கப்பலோ, ஆற்றல் பத்து மடங்கு ஏறினால் சேதத்தில் இரண்டு பகடை கூடும். 32 கிகாஜூலுக்கு 4 பகடை என்று ஏவுகணையிலிருந்தே தொடங்கினால், 300க்கு 6, 3 டெராஜூலுக்கு 8. நேர்விகிதத்தில் ஏற்றினால் பகடை போதாது. குர்ப்ஸும் கற்றை ஆயுதங்களுக்கு நேர்விகிதத்தில் ஏற்றுவதில்லை.

மூன்றாவது, வெப்பத்துக்கு வில்லைகள். சுட்டால் ஒன்று, முழு முடுக்கத்தில் ஓடினால் ஒன்று, சுற்றின் முடிவில் ரேடியேட்டர் விரித்திருந்தால் இரண்டு கழியும். உலையின் பவரில் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வில்லைகளைத் தாங்கலாம், ஸ்கவுட்டுக்கு ஆறு. அதற்கு மேல் போனால் ஏதாவது ஒரு சாதனத்தை அணைக்க வேண்டும், எதை என்று எஞ்சினியர் சொல்லட்டும். பட்ஜெட் வகையில் இல்லாத சுற்றுக்குச் சுற்றுத் தீர்மானம் இந்த ஒரு விதியால் வந்துவிடுகிறது.

ஏற்கெனவே பாதியில் ஓடிக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் இவற்றை நுழைப்பதாக இருந்தால் வெப்ப வில்லைகளை எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம், புதிதாக ஒரு கருவி வந்ததாகச் சொன்னால் போயிற்று. மோதல் பகடையையும் அமர்வுகளுக்கு நடுவே மாற்றிவிடலாம். எஞ்சின் விதியை மட்டும் ஆட்டக்காரர்களைக் கேட்காமல் தொடாதீர்கள். அவர்களில் ஒருவர் ஏற்கெனவே அந்த ஓட்டையைக் கண்டுபிடித்து, கடைசிச் சண்டைக்காக எடுத்து வைத்திருக்கலாம்.